மண்ணின் சிற்பி ஹசன் ஃபாத்தி

வெயிலும் மழையும் காற்றும் வருத்தாமல் மனிதனைக் காப்பதற்கே வீடு தோன்றியது. தூக்கணாங்குருவி தன்னைச் சுற்றி வளரும் புல்லைக் கொண்டே கூடு பின்னுகிறது. கரையான் தான் வாழும் நிலத்தின் மண்ணைக் கொண்டே புற்றை எழுப்புகிறது. மனிதனும் பல்லாயிரம் ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தான். தன் ஊரில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் ஓலையையும் கொண்டு, கதிரவன் செல்லும் வழியையும் காற்று வீசும் திசையையும் அறிந்து வீடு கட்டினான். சிமெண்டும் இரும்பும் பெருகிய பின்னர் இவ்வறிவு மெல்ல மறக்கப்பட்டது. பாலைவனத்திலும் பனிநாட்டிலும் ஒரே வகைக் கட்டடங்கள் எழுந்தன. அவ்வாறு மறக்கப்பட்ட அறிவை மீட்டெடுத்து, அதனை ஏழைகளின் நல்வாழ்வுக்குப் பயன்படுத்த முயன்றவர் எகிப்து நாட்டுக் கட்டடக்கலை வல்லுநர் ஹசன் ஃபாத்தி ஆவார்.

இளமைப் பருவம்

ஹசன் ஃபாத்தி 1900ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் எகிப்தின் கடற்கரை நகரமான அலெக்சாந்திரியாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் செல்வம் நிறைந்தது. சிற்றூர்ப் புறங்களில் அதற்கு நிலங்கள் இருந்தன. ஆயினும் தந்தையார் சிற்றூர்களை விரும்பவில்லை. ஈயும் கொசுவும் தூய்மையற்ற நீரும் நிறைந்த இடங்கள் அவை என்று கருதினார். தம் பிள்ளைகளை அங்கு அனுப்பவும் மறுத்தார். தாயாரோ சிற்றூரில் சில காலம் வளர்ந்தவர். தம் பின்னால் ஓடிவந்த ஆட்டுக்குட்டிகளைப் பற்றியும், வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழிகளையும் புறாக்களையும் பற்றியும் மகனுக்குக் கதை கதையாகக் கூறுவார். தந்தையின் வெறுப்புக்கும் தாயின் விருப்புக்கும் இடையே, தாம் கண்டிராத சிற்றூர் மீது ஹசனுக்குப் பெரும் ஏக்கம் உண்டாயிற்று.

உழவுத் தொழிலைக் கற்க வேண்டும் என்பதே அவரது முதல் ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வுக்குச் சென்றார். பயிர்களைப் பற்றிக் கேட்கப்பட்ட வினாக்களுக்கு அவரால் சரியாக விடை கூற இயலவில்லை. வயலில் கால் வைக்காமல் வளர்ந்த இளைஞருக்குப் பயிரின் இயல்பு எவ்வாறு தெரியும்? எனவே கட்டடக்கலையைத் தேர்ந்தெடுத்துப் பயின்று, 1926ஆம் ஆண்டு கெய்ரோவில் பட்டம் பெற்றார்.

தம் 27ஆம் வயதில்தான் அவர் முதன்முறையாகக் குடும்பத்தின் பண்ணையைக் கண்டார். தாயார் கூறிய கதைகளில் இருந்த அழகிய சிற்றூர் அங்கு இல்லை. உழவர்கள் தாழ்ந்த, இருண்ட, தூய்மையற்ற குடிசைகளில் நெருக்கடியுடன் வாழ்ந்தனர். தம் குடும்பத்துக்குச் சோறு தந்த கைகள் இத்தகைய குடிசைகளில் உறங்குவதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். இவர்களுக்கு நல்ல வீடு கிடைக்க வழி என்ன என்னும் வினா அன்று அவர் உள்ளத்தில் எழுந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் அவ்வினாவுக்கே விடை தேடினார்.

கூரை என்னும் தடை

கான்கிரீட் வீடு கட்ட ஏழை உழவரிடம் பணம் இல்லை. அரசே கட்டித் தருவதென்றாலும் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆகும் செலவை நாடு தாங்காது. எனவே ஃபாத்தி உழவரின் காலடியிலேயே விடையைத் தேடினார். நைல் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணோடு மணலையும் வைக்கோலையும் கலந்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தினால் செங்கல் ஆகிவிடும். அதைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஆகவே விறகுச் செலவும் இல்லை, புகையும் இல்லை. எகிப்திய உழவர்கள் மிகப் பழங்காலம் தொட்டு இத்தகைய சுடாத செங்கல்லால்தான் சுவர் எழுப்பி வந்தனர்.

சுவருக்கு மண் போதும். கூரைக்கு என்ன செய்வது? எகிப்தில் மரம் அரிது. உத்தரமும் குறுக்குச் சட்டமும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. கூரையையும் மண்ணாலேயே அமைக்க முடியுமா என்று ஃபாத்தி ஆராய்ந்தார். பாதியாகப் பிளந்த குழாயைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வளைகூரையைச் சுடாத செங்கல்லால் கட்டிப் பார்த்தார். வழக்கமாக வளைகூரை கட்டும்போது கீழே மரச்சட்டத்தை முட்டுக் கொடுப்பார்கள். அந்த மரமும் இல்லாமல் கட்ட முயன்றபோது கூரைகள் இடிந்து விழுந்தன. பலமுறை முயன்றும் வெற்றி கிட்டவில்லை.

நூபியர் கற்பித்த பாடம்

அசுவானில் பணியாற்றிய ஃபாத்தியின் தமையனார் ஒரு செய்தியைத் தெரிவித்தார். எகிப்தின் தென்பகுதியில் வாழும் நூபிய மக்கள், முட்டுக் கொடுக்காமலேயே மண்ணால் வளைகூரை அமைக்கின்றனர் என்பதே அச்செய்தி. 1941ஆம் ஆண்டு ஃபாத்தி அசுவானுக்குச் சென்றார். அருகில் இருந்த சிற்றூரில் உயர்ந்த வளைகூரைகளுடன் கூடிய வெள்ளை வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் அழகுடன் திகழ்ந்தது. தாம் தேடிய விடை, கல்லூரிப் படிப்பறியாத கொத்தனார்களின் கைகளில் இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

நூபியக் கொத்தனார்களின் முறை எளிமையானது, நுட்பமானது. முதலில் அறையின் பின்சுவரை மற்றச் சுவர்களைவிட உயரமாக எழுப்புவர். அச்சுவரின் மேல் ஈர மண்ணால் வளைவான கோடு ஒன்றை அமைப்பர். பின்னர்ச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்காமல், பின்சுவரின் மேல் சற்றுச் சாய்ந்திருக்குமாறு பதிப்பர். முதல் வரிசை சுவரில் சாய்ந்து நிற்கும். இரண்டாம் வரிசை முதல் வரிசையில் சாய்ந்து நிற்கும். இவ்வாறு ஒன்றையொன்று தாங்கியபடியே கூரை முன்னோக்கி வளரும். கூரைக்கான செங்கல்லில் வைக்கோலை மிகுதியாகச் சேர்ப்பதால் எடை குறையும். செங்கல் ஈரமாக இருக்கும்போதே விரல்களால் பள்ளக்கோடுகள் இழுத்து வைப்பதால், அது சாந்தில் நன்கு ஒட்டிக்கொள்ளும். மரமோ இரும்போ ஒரு துண்டும் தேவையில்லை.

இம்முறை புதியதும் அன்று. லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், இரண்டாம் ராமேசஸ் மன்னன் எழுப்பிய கோயிலின் களஞ்சியங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் வளைகூரைகளும் சுடாத செங்கல்லால் ஆனவையே. அவை 3000 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. மண் வீடு விரைவில் அழிந்துவிடும் என்று எண்ணியோர்க்கு அக்களஞ்சியங்களே மறுமொழியாக விளங்கின. ஃபாத்தி நூபியக் கொத்தனார்களை அழைத்துவந்து, அவர்களிடம் தாமும் கற்றார். பிறரையும் கற்கச் செய்தார்.

காற்றும் நிழலும் துணையாக

ஃபாத்தி வீட்டை உயிருள்ள உடலைப் போலக் கருதினார். உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. அதுபோல, எந்திரத்தின் உதவியின்றி வீடும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குரிய வழிகளை அரபு நாடுகளின் பழைய வீடுகளில் கண்டார்.

முதலாவது, தடித்த மண் சுவர். பகல் வெப்பம் அதனூடே மிக மெதுவாகவே செல்லும். வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் வெளியே இரவு குளிர்ந்துவிடும்.

இரண்டாவது, முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்தில் இறங்கித் தங்கும். சூழ்ந்துள்ள அறைகளுக்குள்ளும் பரவும். காலையில் வெயில் ஏறிய பின்னரும் சில மணி நேரம் அக்குளிர்ச்சி நீங்காது.

மூன்றாவது, காற்றுக் கோபுரம். இது கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் புகைபோக்கி போன்றது; ஆனால் இதன் பணி நேர்மாறானது. வடதிசையிலிருந்து வீசும் குளிர்ந்த காற்றைத் தன் வாயால் பிடித்து, வீட்டினுள் இறக்கிவிடும். உயரத்தில் இருப்பதால் தெருப்புழுதி அதில் மிகுதியாகச் சேர்வதில்லை.

நான்காவது, மரச்சட்டங்களால் பின்னப்பட்ட பலகணி. கண்ணைக் கூசும் ஒளியை அது தணிக்கும். காற்றை உள்ளே விடும். உள்ளே இருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் செல்பவர் உள்ளே காண இயலாது.

இவற்றின் பயன் வெறும் நம்பிக்கை அன்று என்பது 1964ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆய்வால் உறுதியாயிற்று. மண் செங்கல்லால் ஒன்றும், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஒன்றுமாக மாதிரிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. மண் கட்டடத்தின் உள்ளே வெப்பநிலை ஒரு நாள் முழுவதும் 21 முதல் 23 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருந்தது. கான்கிரீட் கட்டடத்தின் உள்ளே அது 36 டிகிரி வரை உயர்ந்தது. வெளியே நிலவிய வெப்பத்தைவிட அது 9 டிகிரி மிகுதியாகும். வெயிலிலிருந்து காக்க வேண்டிய கட்டடம், வெயிலைவிடக் கொடியதாக இருந்தது.

குர்னா என்னும் கனவு

1945ஆம் ஆண்டு ஃபாத்திக்கு ஒரு பெரும் வாய்ப்பு வந்தது. லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் குர்னா என்னும் ஊர் இருந்தது. பண்டைய எகிப்தியப் பெருமக்களின் கல்லறைகளின் மேலேயே அவ்வூர் வீடுகள் அமைந்திருந்தன. ஏறக்குறைய 7000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். கல்லறைகளில் இருந்த பழம்பொருள்களை எடுத்து விற்பது அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. கல்லறை ஒன்றிலிருந்து பாறைச் சிற்பம் ஒன்றே திருடப்பட்டபோது அரசு விழித்துக்கொண்டது. ஊரையே சமவெளிக்கு மாற்றுவதென முடிவு செய்யப்பட்டது. 50 ஏக்கர் நிலத்தில் புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு ஃபாத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே அச்சில் வார்த்தாற்போல நூற்றுக்கணக்கான வீடுகளை வரிசையாகக் கட்ட அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் அளவும் தொழிலும் வழக்கமும் வேறு வேறு. ஆகவே வீடும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றார். உறவினர் வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்து நிற்குமாறு திட்டமிட்டார். மாடுகளுக்குத் தொழுவமும் புறாக்களுக்குக் கூண்டும் அமைத்தார். தெருக்களை வேண்டுமென்றே வளைத்தார். அதனால் நிழல் கிடைத்தது. பள்ளிவாசல், சந்தை, அரங்கம், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றையும் எழுப்பினார். பள்ளிக்கூடத்தின் காற்றுக் கோபுரத்தில் ஈரமான கரித்துண்டுகள் நிறைந்த தட்டு ஒன்றைப் பொருத்தினார். அதன் வழியே வந்த காற்று 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. கால்வாயில் குளித்த சிறுவர்களைப் புழுக்களால் பரவும் நோய் தாக்கியது. ஆதலால் அவர்கள் அச்சமின்றி நீந்துவதற்கென ஒரு குளத்தையும் திட்டத்தில் சேர்த்தார்.

ஆனால் அக்கனவு முழுமையாக நிறைவேறவில்லை. அலுவலகங்களில் கோப்புகள் தேங்கின. வைக்கோல் வாங்கவும் கூலி கொடுக்கவும்கூட ஒப்புதல் பெறக் காலம் கடந்தது. அதனினும் பெரிய தடை மக்களிடமிருந்தே வந்தது. கல்லறைகளை விட்டு அகன்றால் தம் பிழைப்பு போய்விடும் என்று குர்னா மக்கள் அஞ்சினர். புதிய வீடு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும், அங்கு உண்பதற்கு வழி என்ன என்பதே அவர்களது கவலை. குவிமாடங்கள் இறந்தோர்க்கு எழுப்பும் நினைவிடங்களை ஒத்திருந்ததும் அவர்களது தயக்கத்துக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஒருமுறை வெள்ளத் தடுப்புக் கரையை உடைத்துப் புதிய ஊருக்குள் நீரைப் பாய்ச்சவும் முயற்சி நடந்தது. மூன்று பருவங்கள் நடந்த வேலை நின்றது. ஊரின் ஒரு பகுதி மட்டுமே எழுந்தது. பெரும்பாலான மக்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டனர்.

தோல்வியும் தொடர்ச்சியும்

இத்தோல்வி ஃபாத்தியை ஆழமாக வருத்தியது. மண் வீட்டைக் கேலி செய்தவர்கள் மேலும் கேலி செய்தனர். 1957ஆம் ஆண்டு அவர் தாய்நாட்டை விட்டுக் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகருக்குச் சென்று, சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். 1967ஆம் ஆண்டு கார்கா பாலைவனச் சோலையில் பாரிஸ் என்னும் புதிய ஊரை அமைக்கத் தொடங்கினார். அங்கே சந்தைக் கட்டடத்தின் காற்றுக் கோபுரங்கள், காய்கறி வைக்கும் நிலவறைகளை 15 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தன. அவ்வாண்டில் மூண்ட போரினால் அவ்வேலையும் பாதியில் நின்றது.

இருமுறை கனவு கலைந்தும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. குர்னாவில் நடந்தவற்றை ஒளிக்காமல் ஒரு நூலாக எழுதி 1969ஆம் ஆண்டு வெளியிட்டார். 1973ஆம் ஆண்டு அது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியே ஏழைகளுக்கான கட்டடக்கலை என்னும் பொருளுடைய தலைப்பில் வெளிவந்தது. எகிப்து ஏற்காத அறிவை உலகம் ஆவலுடன் படித்தது. பல நாட்டு இளைஞர்கள் அவரைத் தேடிக் கெய்ரோவுக்கு வந்தனர். பழைய நகரத் தெரு ஒன்றில், பழமையான வீட்டில், வயலினும் பூனைகளும் துணையாக அவர் எளிமையாக வாழ்ந்தார்.

1980ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருதும், மாற்று நோபல் பரிசு என்று போற்றப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. 1984ஆம் ஆண்டு உலகக் கட்டடக்கலைஞர் ஒன்றியம் தன் முதல் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அவர் கெய்ரோவில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற பாடம்

மண் வீடே எல்லா ஊருக்கும் ஏற்றது என்று ஃபாத்தி கருதவில்லை. மழை மிகுந்த நாட்டுக்குச் சரிந்த கூரை வேண்டும். குளிர் மிகுந்த நாட்டுக்கு வெயிலை உள்ளே அழைக்கும் பலகணி வேண்டும். அந்தந்த ஊரின் கதிரவனையும் காற்றையும் மண்ணையும் கேட்டுக் கட்ட வேண்டும் என்பதே அவர் கூறிய நெறி. குர்னா அதனுடன் இன்னொரு பாடத்தையும் சேர்த்தது. நல்ல வீடு வெப்பத்தை மட்டும் அறிந்தால் போதாது. அதில் வாழ்வோரின் தொழிலையும் அச்சத்தையும் விருப்பத்தையும் அறிய வேண்டும்.

புதிய குர்னாவின் வீடுகளுள் பல இன்று இல்லை. சில இடிந்தன, சிலவற்றின் இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல் நிற்கிறது. அண்மைக் காலத்தில் யுனெஸ்கோ அமைப்பின் ஒத்துழைப்புடன் சில பொதுக் கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டுள்ளன. அறைகளைக் குளிர்விக்கும் எந்திரங்களுக்காக உலகம் மின்சாரத்தைப் பெருமளவில் செலவிடும் இக்காலத்தில், கட்டடக்கலை பயில்வோர் அங்கு சென்று சுவர்களின் தடிப்பையும் முற்றங்களின் அமைப்பையும் அளந்து கற்கின்றனர். நூபியக் கொத்தனாரிடம் மாணவராக அமர்ந்த ஒருவரின் உழைப்பு, இவ்வாறு பலருக்கும் பாடமாக நிலைத்துள்ளது.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக

வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து சேர்க்கும் வளமான மண்
உத்தரம் – கூரையைத் தாங்கும் பெரிய மரம்
சூளை – செங்கல் சுடும் இடம்
பலகணி – சன்னல்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்
தமையன் – அண்ணன்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. சுடாத செங்கல் எவ்வாறு செய்யப்படுகிறது?
2. நூபியக் கொத்தனார்கள் முட்டுக் கொடுக்காமல் கூரை அமைத்தது எவ்வாறு?
3. முற்றம் வீட்டைக் குளிர்விப்பது எங்ஙனம்?

இ. சிந்தித்து எழுதுக

1. குர்னா மக்கள் புதிய ஊருக்குச் செல்ல மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. நீவிர் வாழும் வீட்டில் காலை வெயில் எந்த அறையில் விழுகிறது? காற்று எத்திசையிலிருந்து வருகிறது? ஒரு வாரம் கவனித்துப் பத்து வரிகளில் எழுதுக.
3. உம் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி சிறுவயதில் வாழ்ந்த வீடு எப்பொருள்களால் கட்டப்பட்டது என்பதை அவர்களிடம் கேட்டு அறிந்து, வகுப்பில் கூறுக.